13 மிமீ மேப்பிள் பூல் க்யூ ஷாஃப்ட் 12.3க்கு வந்துவிட்டது: ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா?

நீலச்சாக்:

வணக்கம். ரெண்டு துண்டு பூல் க்யூ (பந்தை அடிக்கும் கோல்). ஷாஃப்ட், அதாவது முன் துண்டு, சாதா மேப்பிள், 29 அங்குலம். பின் துண்டான பட்டோடு சேரும் ஜாயின்ட் 3/8×10 (3/8 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 10 மரை), மரத்தோடு மரம் உட்காரும் தட்டை முகம். லோ டிஃப்ளெக்‌ஷன் வகை (ஸ்பின் அடியில் பந்து விலகுவதைக் குறைப்பது) கிடையாது, நுனியில் துளை எதுவும் இல்லை. புதுசில் 13 மிமீ. இப்போதைய நிலவரம் இது:

ஃபெரூலுக்கு, அதாவது நுனியில் மாட்டிய உறைக்குக் கீழே மரம் 12.3 மிமீ. பிரிட்ஜ் கை (ஷாஃப்டைத் தாங்கும் முன் கை) ஓடுகிற இடம் இன்னும் ஒல்லியாகத் தெரிகிறது.

ஃபெரூல் 25 மிமீ மெலமைன் (கெட்டிப் பிளாஸ்டிக்). மஞ்சளாகிவிட்டது. அடி விளிம்பிலிருந்து மேலே முடி மாதிரி ஒரு கோடு போகிறது.

டிப்பில் (பந்தைத் தொடும் முனை) மீதி 1.5 மிமீ.

நுனியிலிருந்து 20 செமீயில் ஒரு நசுங்கல், 26 செமீயில் கூராக ஒரு வெட்டு.

தட்டையான இடத்தில் வைத்து உருட்டினால் நடுவில் அடியில் வெளிச்சம் தெரிகிறது.

வேகமாக அடித்தால் வழக்கமான சத்தத்தோடு ஒரு ‘டிக்’ சேர்ந்து வருகிறது.

ஃபெரூலும் டிப்பும் மாற்றினால் போதும் என்று ஒரு கருத்து. வளைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வாங்கு என்று இன்னொன்று. எதை வைத்து முடிவு பண்ணுவது?

---

லேத்மேசை:

டிப், ஃபெரூல், ஜாயின்ட் வளையம் எல்லாம் மரத்தின் மேல் ஒட்டியவை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். நசுங்கல்கூட ஈரத்தில் எழும்பிவிடும். போன மரம் மட்டும்தான் திரும்பி வராது. அதனால் முதலில் நேராக இருக்கிறதா, அடுத்து எவ்வளவு மரம் மிச்சம், அதற்கப்புறம் ஃபெரூலுக்குள் நுழையும் மர முளை, அதாவது டெனான், முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் கண்ணை உறுத்துவது ஃபெரூல் கோடு. இருப்பதிலேயே சின்ன வேலை அதுதான்.

நடுவில் வெளிச்சம் தெரிந்ததும் ‘வளைந்துவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். புரோ டேப்பர் ஷாஃப்ட் நுனியிலிருந்து 25 – 35 செமீ வரை கிட்டத்தட்ட ஒரே கனமாகப் போய், அப்புறம் ஜாயின்ட் பக்கம் பருக்கும். இப்படிப்பட்டதைத் தரையில் வைத்தால் இரண்டு முனைகள்தான் தொடும், நடுப்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும். முழுக்க நேரான புது ஷாஃப்டிலும் ஒன்றரை, இரண்டு மிமீ இடைவெளி இருக்கும். பார்க்க வேண்டியது, உருட்டும்போது அந்த இடைவெளி மாறுகிறதா என்பதை. மாறாவிட்டால் ஷாஃப்ட் நேர். ஒரு பக்கம் அகன்று, அரைச்சுற்றில் குறுகினால் வளைவு.

அளப்பது எப்படி என்றால், ஷாஃப்டை பட்டிலிருந்து கழற்றிக் கண்ணாடி மேலோ மெருகிட்ட கல் மேலோ வையுங்கள். பூல் மேசைத் துணி இதற்கு ஆகாது, அமுங்கிக் கொடுக்கும். நுனியிலிருந்து 35 செமீயில் அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். கேஜ் இல்லாவிட்டால் 80 ஜிஎஸ்எம் தாள் போதும், ஒரு தாள் சுமார் 0.1 மிமீ. எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணிவிட்டு, கால் சுற்று திருப்பி மறுபடி. நாலு இடத்தில் எண்ணினால் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் வரும். 0.5 மிமீக்குள் என்றால் ஆட்டத்தில் தெரியாது. 1 மிமீயைத் தாண்டினால் நான் அந்த மரத்துக்கு மேற்கொண்டு செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆவி காட்டி நிமிர்த்துகிறவர்கள் உண்டு. நிமிரும், சில வாரத்தில் பழையபடி போய் நிற்கும். வளைத்தது மரத்துக்குள் இருக்கும் இழுவிசை, அது அங்கேயேதான் இருக்கிறது.

முழுக் க்யூவாக மாட்டி உருட்டிப் பார்க்கும்போது ஆட்டம் தெரிந்து, ஷாஃப்ட் தனியாகவும் பட் தனியாகவும் நேராக இருந்தால், குற்றம் ஜாயின்ட் முகத்தில். முகம் செங்கோணத்தில் இல்லை, அல்லது இடையில் அழுக்கு. லேத்தில் முகத்தை லேசாகச் சீவினால் சரியாகும். இதற்காக நல்ல ஷாஃப்டை வளைவு என்று ஒதுக்குவது நிறைய நடக்கிறது.

அடுத்து காலிப்பரால் விட்டம். ஃபெரூலுக்குக் கீழே, 10, 15, 20, 30, 35 செமீ என்று ஆறு இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து போடுங்கள். இரண்டு திசைக்கும் 0.05 மிமீ வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள். மேப்பிள் ஈரம் ஏறி இறங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரியாது. ஆண்டு வளையத்தின் போக்கில் விரிவது, குறுக்கே விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஷாஃப்ட் லேசாக நீள்வட்டமாகும். 0.1ஐத் தாண்டினால்தான் கை ஒரே பக்கமாகத் தேய்த்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபெரூலுக்கு: டிப்பில் பூசும் நீலச் சாக் தூளை விரலால் நன்றாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். மேலோட்டமான கீறல் என்றால் பெரும்பாலும் துடைத்ததும் போய்விடும். விரிசல் நீலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஷாஃப்டை நடுவில் தளர்வாகப் பிடித்து ஃபெரூல் பக்கவாட்டில் நகத்தால் சுண்டுங்கள், பத்து செமீ கீழே மரத்திலும் சுண்டுங்கள். மரத்தில் ‘டொக்’, ஃபெரூலில் சலசலப்பு என்றால் உள்ளே பசை விட்டிருக்கிறது. டிப் ஓரம் தூக்கியிருந்தாலும் இதே ‘டிக்’ வரும். பிளேடு முனை டிப்புக்கு அடியில் போகிறதா என்று சுற்றிவரப் பாருங்கள். ஜாயின்டை இறுக்கி, தளர்த்தி அடிக்கும்போது சத்தம் மாறினால் நுனியை விட்டுவிட்டு ஜாயின்டைப் பாருங்கள்.

---

நீலச்சாக்:

நன்றி. அளந்தாயிற்று.

இடைவெளி: 16, 18, 20, 18 தாள். வித்தியாசம் 4 தாள்.

குறுக்களவு, இரண்டு திசை: ஃபெரூலுக்குக் கீழே 12.30 / 12.34. 10 செமீயில் 12.08 / 12.11. 15ல் 11.90 / 11.94. 20ல் 11.95 / 11.98. 30ல் 12.74 / 12.78. 35ல் 13.10 / 13.12.

ஃபெரூல் கோட்டில் நீலம் அப்படியே நிற்கிறது, முழு நீளத்துக்கும். ஃபெரூலும் மரமும் சேரும் இடத்தில் நகம் தட்டுகிறது, ஃபெரூல் பக்கம்தான் உயரம். சுண்டினால் சலசலப்பு உண்டு. கையால் முறுக்கினால் சுழலவில்லை. டிப் ஓரம் எங்கும் தூக்கவில்லை. ஜாயின்ட் இறுக்கத்தால் சத்தம் மாறவில்லை.

இதுவரை சுத்தம் செய்தது 600 உப்புத்தாளால், பிசுக்கு ஏறும்போதெல்லாம்.

---

லேத்மேசை:

ஷாஃப்ட் நேர். 0.4 மிமீ ஒன்றுமே இல்லை. வளைவுக் கணக்கை மூடிவிடலாம்.

ஆனால் 15 செமீ எண்ணைப் பாருங்கள். நுனியில் 12.3, நடுவில் 11.9, மறுபடி 12.75. உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. ஆடியதால் மரம் இவ்வளவு தேயாது. இது உப்புத்தாள் தின்றது. பிசுக்கு எங்கே அதிகமோ அங்கேதான் கை அழுத்தித் தேய்க்கும், பிசுக்கு அதிகம் பிரிட்ஜ் கை ஓடும் இடத்தில். ஃபெரூல் உயரமாக நிற்பதற்கும் அதுவே காரணம்: மெலமைன் மரத்தைவிடக் கடினம், ஒரே தாளில் இரண்டையும் தேய்த்தால் மரம்தான் முதலில் போகும்.

இதன் விளைவு இரண்டு. ஒன்று விறைப்பு. உருண்டைக் கம்பின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகிறது. 13 மிமீ 12.3 ஆனால் அந்த இடத்தில் விறைப்பு 20 சதவீதம் குறையும். 13, 11.9 ஆன இடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது. காலிப்பரில் ஒரு மிமீதான், கையில் வேறு க்யூ.

இரண்டாவது, மூடிய பிரிட்ஜ், அதாவது விரலை வளையமாக்கி ஷாஃப்டைப் பிடிப்பது. 20 செமீ பிரிட்ஜில் (கைக்கும் பந்துக்கும் உள்ள தூரம்) ஆடினால், பின்னால் இழுத்த நிலையில் விரல் வளையத்துக்குள் இருப்பது நுனிப் பக்கத்து 12.3. வளையம் அந்தக் கனத்துக்கு விரிகிறது. பந்தைத் தொடும் நேரத்தில் வளையத்துக்குள் 11.95 வந்து நிற்கிறது. பிடிமானம் எப்போது வேண்டுமோ அப்போது வளையம் தளர்வு. விரல் வளையம் இல்லாத திறந்த பிரிட்ஜில் மட்டும் ஆடுகிறவருக்கு இந்தக் குறை பாதிதான்.

ஆக மூன்று வழி.

ஃபெரூலும் டிப்பும் மட்டும் மாற்றி, இடுப்பை அப்படியே விட்டு ஆடுவது. செலவு குறைவு, சத்தம் போகும், மூடிய பிரிட்ஜ் தொல்லை அப்படியே இருக்கும்.

ஃபெரூல் மாற்றும்போதே லேத்தில் முன்பகுதியை முழுக்க 11.8க்குச் சீவி நேர்கோடாக்குவது. உடுக்கை போய்விடும். ஒல்லி ஷாஃப்ட் பிடிக்கிறவருக்கு இது உண்மையாகவே நல்ல வழி. விதியும் தடுக்காது: உலகப் பூல் சங்க விதிப்படி டிப் அதிகபட்சம் 14 மிமீ, குறைந்தபட்ச வரம்பு இல்லை. சிக்கல் என்னவென்றால், சீவும்போது மேல் அடுக்கு போய் உள் இழுவிசை விடுபடும், நேரான மரமும் கொஞ்சம் திரும்பலாம். ஒரே மூச்சில் சீவாமல் 0.2 மிமீ மிச்சம் வைத்து இரண்டு வாரம் தொங்கவிட்டு, மறுபடி தாள் எண்ணிப் பார்த்துவிட்டு முடிப்பவரிடம் கொடுங்கள். ‘நாளைக்கே வாங்கிக்கோங்க’ என்கிறவரிடம் வேண்டாம்.

13 மிமீ கையுணர்வு திரும்ப வேண்டும் என்றால் புது ஷாஃப்ட். அதை எந்த ரிப்பேராலும் தர முடியாது.

முதல் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை. ஃபெரூலைத் திறந்ததும் டெனானைப் பார்க்க வேண்டும். விரிசல் முழு நீளத்துக்கு ஓடியும் ஃபெரூல் கழன்று விழாமல் நிற்கிறது என்றால் டெனான் தாங்கிக்கொண்டிருக்கிறது, அநேகமாக முழுசாக இருக்கும். அடித் தோளில், முளை மரத்தோடு சேரும் மூலையில், கறுத்த கோடு இருந்தால் அது உடைந்துகொண்டிருக்கிறது. அப்போது தோளிலிருந்து பின்னுக்கு வெட்டிப் புது முளை எடுக்கலாம், ஷாஃப்ட் அந்த நீளம் குறையும். இல்லாவிட்டால் உள்ளே துளைத்து வேறு மரத்தில் முளை நட வேண்டும். இந்தக் கனத்துக்குத் தேய்ந்த மரத்தில் நான் முளை நடமாட்டேன், சுற்றியுள்ள சுவர் மெலிந்துபோகும்.

---

எட்டாம்பந்து:

நசுங்கலுக்கும் வெட்டுக்கும் வைத்தியம் வேற வேற, ரெண்டையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க. நசுங்கல்ல நார் அமுங்கியிருக்கு, அறுந்துபோகல. தண்ணி குடிச்சா எழும்பும். வெட்டுல நார் அறுந்தாச்சு, தண்ணி காட்டினா ரெண்டு ஓரமும் தடிச்சு இன்னும் அசிங்கமாகும்.

20 செமீ நசுங்கலுக்கு: முதல்ல அந்த இடத்துல மட்டும் மெழுகையும் சீலரையும் (மரத்துளையை அடைக்கிற பூச்சு) எடுக்கணும், இல்லாட்டி தண்ணி உள்ளயே போகாது. பஞ்சுல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு நாலஞ்சு தடவை துடைச்சா போதும். அப்புறம் காது குடையற பட்ஸை வெந்நீர்ல நனைச்சு பள்ளத்துல ஒரே ஒரு சொட்டு. ரெண்டு நிமிஷம் விடுங்க. சின்ன நசுங்கல்னா இதுலயே பாதி ஏறிடும். மிச்சத்துக்கு, பருத்தித் துணியை விரல் நகம் அளவு ரெண்டா மடிச்சு, நனைச்சு பிழிஞ்சு, பள்ளத்து மேல வச்சு, சால்டரிங் அயர்ன் முனையால மூணு செகண்டு தொட்டு எடுங்க. ‘சுர்’னு ஆவி வரணும், துணி காயக்கூடாது. காஞ்ச துணி மேல அயர்ன் நின்னா மரம் பழுப்பாகும், அது போகவே போகாது. மூணு தடவைக்கு மேல வேண்டாம்.

இப்ப தடவினா பள்ளம் இருந்த இடம் மேடா, சொரசொரன்னு இருக்கும். கை பரபரக்கும், உடனே தேய்ச்சுடாதீங்க. 24 மணி நேரம் காயணும். ஈரத்தோட மேட்டை தேய்ச்சு சமமாக்கினா, காஞ்சதும் நார் சுருங்கி மறுபடி பள்ளம், இந்தத் தடவை மரமே இல்லாத பள்ளம். காஞ்ச பிறகு 1500 தாள்ல அந்த இடத்துல மட்டும் நாலு இழுப்பு, நீளவாக்குல. பிறகு 2000. சீலர் ஒரு சொட்டு, தோல் துண்டால சூடு தெரியற வரைக்கும் தேய்ப்பு.

ஃபெரூல் பக்கத்துல 3 செமீக்குள்ள அயர்ன் கொண்டு போகாதீங்க, பசை இளகிடும். துண்டு துண்டா ஒட்டின லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்டுக்கும் அயர்ன் வேண்டவே வேண்டாம். வெந்நீர்ச் சொட்டோட நிறுத்திக்கணும்.

26 செமீ வெட்டுக்கு: ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், நடுவுல தண்ணி மாதிரி ஓடற சூப்பர் குளூ ஒரு சொட்டு ஊசி முனையால. ஆறினதும் இன்னொரு சொட்டு. முழுசா இறுகினதும் புது பிளேடை செங்குத்தா பிடிச்சு சுரண்டி, டேப் மட்டத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துட்டு 2000 தாள்ல முடிங்க. கறுப்புப் புள்ளியா தெரியும். கண்ணுக்குத்தான், விரலுக்குத் தெரியாது.

ஒண்ணு, லேத்துக்குப் போறதா இருந்தா அதுக்கு முன்னாடியே நசுங்கலை எழுப்பிடுங்க. எழுப்பாம சீவினா பள்ளத்து ஆழத்துக்கு சுத்தி இருக்கற நல்ல மரமும் சேர்ந்து போயிடும்.

---

வெள்ளைப்பந்து:

இவ்வளவு வேலை எதற்கு? 12.4 மிமீ கார்பன் ஷாஃப்ட் ஒன்று போடுங்கள். ஈரத்தில் வளையாது, நசுங்காது, உப்புத்தாளே வேண்டாம், ஆல்கஹாலில் துடைத்தால் புதுசு. ஸ்பின் அடியில் பந்து விலகுவதும் குறைவு.

---

லேத்மேசை:

கார்பன் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தேய்ந்த ஷாஃப்டுக்கு மாற்று என்பதைவிட வேறொரு கருவி என்று சொல்வதுதான் சரி. பக்கவாட்டு ஸ்பின்னில் பந்து எதிர்ப்பக்கம் விலகுவது நுனி 15 – 20 செமீயில் உள்ள எடையைப் பொறுத்தது. உங்கள் சாதா மேப்பிளில் அந்த விலகல் அதிகம், கை அதற்கு ஈடு கொடுத்தே குறி வைக்கப் பழகியிருக்கும். கார்பனில் நுனி எடை குறைவு. பழைய ஈட்டோடு அடித்தால் பந்து விலகாமல் நேரே போய்க் குறி தவறும். பழகிக்கொள்ளலாம், அதற்குக் காலம் ஒதுக்க வேண்டும்.

நசுங்காது என்பது சரி. மேசை விளிம்பிலோ தரையிலோ ஓங்கி மோதி நார் அடுக்கு விரிந்துவிட்டால் மேப்பிளைப் போல வெட்டி, சீவி, முளை எடுத்துப் பிழைக்க வைக்க முடியாது. கார்பனை வீட்டில் உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இதே கணக்கு ஃபெரூல் மாற்றும்போதும் வரும். 25 மிமீ மெலமைனுக்குப் பதிலாக 12 மிமீ இலேசான பொருளைப் போட்டால் நுனி எடை குறைந்து விலகலும் குறையும். நல்லதுதான், ஆனால் குறி மாறும். பழைய குறி வேண்டுமென்றால் அதே பொருள், அதே நீளம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் கையில் இருப்பதைத்தான் மாட்டுவார்கள்.

---

மூணுகுஷன்:

புதுசுதான் என்று முடிவானால், ஆர்டருக்கு முன் ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்.

திருகு. 3/8×10 என்றால் முக்கால் பங்கு வேலை முடிந்தது, ஆனால் உறுதி செய்யுங்கள். பட்டிலிருந்து நீட்டியிருக்கும் பின்னில் (திருகுக் கம்பியில்) ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள், பத்து வர வேண்டும். எட்டு வந்து, மரைப் பள்ளம் கூராக இல்லாமல் வளைவாக இருந்தால் அது ரேடியல் என்ற வேறு வகைப் பின். ரெண்டும் தூரத்தில் ஒரே மாதிரித் தெரியும். 3/8×10 ஷாஃப்டை ரேடியல் பின்னில் கட்டாயப்படுத்தி முறுக்கினால் மர மரை சிதைந்துவிடும், அதோடு புது ஷாஃப்ட் காலி.

ஜாயின்ட் முகம். உங்களுடையது தட்டை. 5/16×14 எஃகு ஜாயின்டில் ஷாஃப்டின் அடியில் ஒரு சின்ன வளையம் நீட்டிக்கொண்டு பட்டுக்குள் இறங்கும். அது இதில் உட்காராது.

ஜாயின்ட் விட்டம். வழக்கமாக 21.3 – 21.6 மிமீ. 0.1 மிமீ முன்னே பின்னே இருந்தாலும் விரல் தடவும்போது படி தட்டும். பட் பக்கத்து விட்டத்தை இரண்டு திசையில் அளந்து கொடுங்கள். வளையத்தைச் சற்றுக் கனமாக விட்டு அனுப்பச் சொல்லி, உங்கள் பட்டில் மாட்டியே சமன் செய்வது இன்னும் நல்லது.

எடை. பழைய ஷாஃப்டைச் சமையல் தராசில் போடுங்கள். 13 மிமீ மேப்பிள் பெரும்பாலும் 100 – 125 கிராமுக்குள் இருக்கும். உங்களுடையது தேய்ந்து எடை குறைந்திருக்கும், அதோடு சில கிராம் கூட்டிக் கேளுங்கள். 15 கிராம் அதிகமான ஷாஃப்ட் வந்தால் க்யூவின் சமநிலைப் புள்ளி முன்னுக்கு நகரும், பின் கை பிடிக்கும் இடம் மாறும்.

மர ரேகை. இதுதான் மற்ற நாலையும்விட முக்கியம். ஒரு ரேகையைப் பிடித்துக் கண்ணால் தொடர்ந்து போங்கள். ஜாயின்டில் தொடங்கியது நுனி வரை போனால் அருமை. பாதியில் பக்கவாட்டில் வெளியேறிவிட்டால், முக்கியமாக முன் 30 செமீயில், எடுக்காதீர்கள். அந்த மரம்தான் நாளைக்கு வளையும், டெனான் தோளிலும் அதுதான் உடையும். பழுப்புக் கீற்று, சின்னப் புள்ளி எல்லாம் அழகுக் குறை மட்டும், ஆட்டத்தில் எதுவும் செய்யாது. வெள்ளை வெளேரென்ற மரத்தைத் தேடி ரேகையைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

வந்ததும் இரண்டு வாரம் ஆடும் அறையிலேயே வைத்துவிட்டு, அப்புறம் தாள் சோதனை. வந்த அன்று நேராக இருப்பது வந்த ஊரின் ஈரத்துக்கு நேராக இருப்பது.

பழையதையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபெரூல் மாற்றி மாற்று ஷாஃப்டாக வைத்துக்கொள்ளலாம். பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் வேக அடி) அடிக்க மட்டும் வேண்டாம், 11.9 இடுப்பு அதற்கு வளைந்து கொடுத்துவிடும்.

---

நீலச்சாக்:

தெளிவாகிவிட்டது. ஆடுவது பெரும்பாலும் மூடிய பிரிட்ஜ், ஒல்லி ஷாஃப்டும் பிடிக்காது. அதனால் புது மேப்பிள், 13 மிமீ. பழையதில் ஃபெரூலும் டிப்பும் மட்டும். பின்னில் மரை எண்ணினேன், பத்து.

இரண்டு கேள்வி மிச்சம். ஃபெரூல் வேலை கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? புது ஷாஃப்டை உப்புத்தாள் இல்லாமல் எப்படிச் சுத்தமாக வைப்பது?

---

லேத்மேசை:

கொடுப்பதற்கு முன் ஃபெரூலுக்குக் கீழே அளவை எழுதிக்கொள்ளுங்கள். 12.30 / 12.34. வாங்கும்போது அதே இடத்தில் அதே எண் வர வேண்டும். புது ஃபெரூலைத்தான் மரத்தின் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரக்காரர் இரண்டையும் ஒரே தாளில் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பார், பார்க்க நன்றாக இருக்கும், 12.2 ஆகியிருக்கும்.

பழைய ஃபெரூலைச் சூடு காட்டிப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லேத்தில் டெனான் தெரியும் வரை சீவி எடுப்பதுதான் முறை. புதுசு டெனானில் விரல் பலத்தில் ஏற வேண்டும். தட்டி ஏற்றினால் பசைக்கு இடமில்லை, ஃபெரூலும் உள்ளிருந்து இழுபட்டுச் சீக்கிரம் விரியும். மெதுவாக இறுகும் எபாக்சி, 24 மணி நேரம் கழித்துத்தான் சீவல். உங்கள் 12.3க்கு, டெனான் 5/16 அங்குலம், அதாவது 7.9 மிமீ என்றால், ஃபெரூல் சுவர் 2.2 மிமீ கிடைக்கும், போதும். டெனான் 3/8 அங்குலம் என்று தெரிந்தால் சுவர் 1.4 மிமீதான். அந்தக் கனத்தில் மெலமைன் மறுபடி விரியும், டெனானையும் சேர்த்துச் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

டிப் ஒட்டுமுன் ஃபெரூல் முகமும் டிப்பின் அடியும் தட்டையா என்று வெளிச்சத்துக்கு எதிராகச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் எந்தப் பசையும் நிற்காது. ஜெல் சூப்பர் குளூ ஒரு துளி போதும், வழிந்தது ஃபெரூல் பக்கத்தில் காய்வதற்குள் துடைக்க வேண்டும்.

சுத்தத்துக்கு: ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, நுனியிலிருந்து பாதி வரை. சாக் நீலம் ஏறினால் மெலமைன் நுரைப் பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் துடைத்து, உடனே ஆல்கஹால் துணியால் ஈரத்தை எடுங்கள். அந்தப் பஞ்சும் ஒரு வகையில் உப்புத்தாள்தான், மிக நுண்ணியது, அதனால் மாதம் ஒரு தடவை போதும். பிறகு தோல் துண்டைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கையில் சூடு தெரிய ஒரு நிமிடம் வேகமாகத் தேய்த்தால் எழும்பிய நார் படிந்துவிடும். மேலே கார்னாபா மெழுகு மெல்லிசாக. சிலிக்கான் கலந்த பாலிஷ் எதுவும் வேண்டாம், பின்னால் சீலர் போட வேண்டி வந்தால் ஒட்டாது.

புது ஷாஃப்ட் வந்த அன்றே 15 செமீ அளவைப் பென்சிலால் க்யூ பெட்டிக்குள் எழுதி வையுங்கள்.

---

எட்டாம்பந்து:

அந்த 600 தாளையும் பெட்டியில இருந்து எடுத்துடுங்க.